பூட்டை உடைப்பதா, கேட்டுப் பார்ப்பதா

நானும் என் தங்கையும் சேர்ந்து ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருந்தோம். கணினி வேலை அவளுடையது, கதை என்னுடையது. அதாவது வேலை அவள், பேச்சு நான். நீடாமங்கலத்தில் எங்கள் வீட்டு மாடியில் நெல் மூட்டை அடுக்கும் அறைதான் அலுவலகம். மூன்றாவது வருடம் ஆகியிருந்தது. கதையை யாராவது கேட்டால் சொல்லத் தொடங்கும்போதே எனக்குக் கொட்டாவி வந்துவிடும்.

கதை இதுதான். வாய்க்கால் முடியும் கடைமடையில் ஓர் ஊர். ஆற்றில் தண்ணீர் வந்தும் வாய்க்காலில் வரவில்லை. நாற்று காய்வதற்குள் தண்ணீர் கொண்டுவர இரண்டு பேர் கிளம்புகிறார்கள். மதகின் பூட்டை உடைக்கலாம் என்கிறாள் ஒருத்தி. அதைப் பூட்டிவைத்திருக்கும் தலைமடை ஊருக்கு, மேலே போய்க் கேட்டுப் பார்க்கலாம் என்கிறான் மற்றவன். விளையாடுகிறவர் இவர்களோடு நடக்கும் மூன்றாவது ஆள்.

நான் எழுதியதில், கேட்கப் போகிறவன்தான் எப்போதும் சரி. பூட்டை உடைத்தவள் கடைசியில் நீளமாக ஒரு வசனம் பேசி அழுவாள். எழுதும்போது நானும் அழுதேன். படித்தவர்களில் யாரும் அழவில்லை.

"அண்ணே, ரெண்டு வழியக் காட்டிட்டு ஒரு வழில போனவங்கள மட்டும் தண்டிக்கிறியே. இது கேமா, பள்ளிக்கூடமா?" என்றாள் தங்கை.

"பூட்ட ஒடைக்கிறது தப்புதானே?"

"நாலு தடவ கேட்டும் தண்ணி விடலன்னா? அஞ்சாவது தடவயும் போய்க் கேப்பியா?"

"கேப்பேன்."

"நீ கேப்ப. பக்கத்து வீட்டுக்குக் குடுத்த ஏணிய இன்னிக்கு வரைக்கும் கேட்டுக்கிட்டுத்தானே இருக்க."

அவளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்திருந்தது. மாதக் கடைசியில் போயாக வேண்டும். அதற்குள் இந்த மதகுப் பகுதி முடியாவிட்டால் கேமை அப்படியே மூட்டை கட்டிவிடலாம் என்று சொல்லிவிட்டாள். வாழ்க்கையில் நான் தொடங்கியவை நிறைய. முடித்தேன் என்று சொல்லிக்கொள்ள இது ஒன்றுக்குத்தான் வாய்ப்பு இருந்தது. அது தெரிந்தும் ஒரு வரி விட்டுக்கொடுக்கவில்லை. அவளும்தான். பேச்சு நின்றுபோனது.

எங்கள் வீட்டில் பேச்சு நின்றால் வேலை நிற்காது. என் மனைவி வழியாக நடக்கும். மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணி, அண்ணங்கிட்ட சொல்லுங்க" என்பாள் அவள். "அவகிட்ட சொல்லு" என்பேன் நான், கீழே திண்ணையில் இருந்து. மனைவி சமையற்கட்டில் இருப்பாள். படியேறிப் போய்க் கேட்டு, இறங்கி வந்து என்னிடம் சொல்லி, மறுபடி ஒருமுறை ஏறிப்போய்ப் பதிலைச் சொல்வாள்.

இதைப் பார்த்தோ என்னவோ, தங்கை கேமை மாற்றினாள். அதிலும் கூட்டாளிகள் இருவருக்கும் பேச்சு இல்லை. இருவரும் மூன்றாவது ஆளிடம் சொல்லி அனுப்புகிறார்கள். மாடிக்குப் போய்ப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்ல மனமில்லாமல், மனைவியை மேலே கூப்பிட்டு விளையாடச் சொன்னேன்.

திரையில் பெண் சொன்னாள்: "அந்தக் கோழைகிட்ட சொல்லு, நான் சுத்தியல எடுத்துட்டேன்னு."

மனைவி திரையெங்கும் தேடினாள். "'சொல்'னு ஒரு பட்டன்தான் இருக்கு. வேற இல்லையா?"

"வேற எதுக்கு அண்ணி? அவ சொன்னத அவன்ட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"இதையா? இப்படியேவா? இப்படியே சொன்னா ரெண்டும் அன்னிக்கே ஆளுக்கு ஒரு பக்கம் போயிருக்குமே."

பல நாட்களுக்குப் பிறகு தங்கை என்னை நேராகப் பார்த்தாள்.

"அப்ப, 'அண்ணன் யோசிச்சு சொல்றேன்னுச்சு'ன்னு சொன்னீங்களே அண்ணி?"

நான் அப்படிச் சொல்லவே இல்லை. அவளுக்குக் கதையும் தெரியாது, கத்திரிக்காயும் தெரியாது என்றுதான் சொல்லி அனுப்பியிருந்தேன்.

"எங்கிட்ட 'வசனம் நல்லாத்தான் இருக்காம், கொஞ்சம் கொறைக்கச் சொன்னா'ன்னியே?" என்றேன் மனைவியிடம்.

"நான் எங்க அப்படிச் சொன்னேன்?" என்றாள் தங்கை. "அந்த வசனத்தக் கேட்டா வந்த தண்ணி மேட்டூருக்கே திரும்பிடும்னு சொன்னேன்."

மனைவி எங்கள் இருவரையும் பார்த்தாள். "ஒரு தடவ, ஒரே ஒரு தடவ நீங்க சொன்னத அப்படியே சொல்லியிருந்தா இந்த ரூம்ல இப்ப மூட்டைதான் இருக்கும். எனக்குக் கால் வலி. நான் போறேன்."

தங்கை அன்றே இன்னும் இரண்டு பட்டன் சேர்த்தாள்: 'பதமாகச் சொல்', 'சொல்லாதே'. அதற்குப் பிறகு, பூட்டை உடைத்தாலும் சரி, கேட்கப் போனாலும் சரி, மதகடியில் இரண்டு பேரும் சேர்ந்து நின்றால்தான் தண்ணீர் வரும் என்று அமைத்தோம். அழுகை வசனத்தை நானே அழித்தேன். அழிக்க ஒரு விநாடிதான் ஆனது. எழுத ஒரு மழைக்காலம் ஆகியிருந்தது.

ரயிலுக்கு முதல் நாள் அந்தப் பகுதி முடிந்தது. களைத்துப்போய் உட்கார்ந்திருந்தோம்.

"இருந்தாலும் பூட்ட ஒடைக்கிறது தப்புதான்" என்றேன்.

"கேட்டுக்கிட்டே இருக்கறதுதான் தப்பு" என்றாள், பெட்டியில் துணியைத் திணித்துக்கொண்டே. "அடுத்த பகுதிய எழுதி அனுப்பு. சண்டைய போன்ல போட்டுக்கலாம்."