திருப்பி அனுப்பியவர்களையும் எண்ணியவன்

என் அக்கா மகன் வேலையில்லாதோர் உதவித்தொகை அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம் இருந்தான். வருகிற ஆண்டு எத்தனை பேர் அந்தத் தொகை கேட்டு வருவார்கள் என்று எழுதிக் கொடுப்பதுதான் அவன் வேலை. அந்த எண்ணை வைத்துத்தான் அரசாங்கம் பணம் ஒதுக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, என்னோடுதான் இருந்தான். பேச்சு குறைவு என்று ஆபீஸில் 'ஊமைக்கோட்டான்' என்பார்களாம். சொல்லட்டும். என்னிடம் நன்றாகவே பேசுவான்.

அங்கே ஒரு வழக்கம். போன வருஷம் பணம் வாங்கியவர்களை எண்ணி, அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துப் போடுவார்கள். காகிதம் ஏதோ குறைகிறதென்று திருப்பி அனுப்பியவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். எழுத்து தெரியாத எனக்கே அது கோளாறாகப் பட்டது. திருப்பி அனுப்பினால் வயிறு நிறைந்துவிடுமா என்ன?

தொழிற்சாலைகள் இரண்டு மூடிய வருஷம், வரிசை படிக்கட்டைத் தாண்டித் தெருமுனை வரை நின்றது. இவன் பழைய விண்ணப்பக் கட்டுகளைப் பிரித்து, திரும்பிப் போனவர்களையும் ஒவ்வொருவராகச் சேர்த்தான். எண் இரண்டு மடங்கானது.

"என்னய்யா, ஊரே வேலையத்துப் போச்சா?" என்றாராம் மேலதிகாரி.

"ஜன்னல் வழியா எட்டிப் பாருங்க சார்."

"பாத்தாச்சு. பழைய மாதிரியே போடு. இத மேல அனுப்பினா என் தலை உருளும்."

"பத்தாவது மாசம் பணம் தீந்துடும் சார்."

"அப்பப் பாத்துக்கலாம், போ."

பழைய மாதிரி போட்ட தாளில் இவன் கையெழுத்துப் போடவில்லை. பக்கத்து மேசைக்காரர் போட்டார். அன்றிலிருந்து மத்தியானம் சாப்பிட இவனை யாரும் கூப்பிடவில்லை. டப்பாவைத் திறக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, என் எதிரே உட்கார்ந்து ஆறிப்போனதைச் சாப்பிடுவான்.

"வேற வேலை பாருடா," என்றேன்.

"அப்ப நானும் அந்த வரிசையில நிக்கணும் சித்தி," என்று சிரித்தான்.

பத்து மாதம்கூடத் தாங்கவில்லை. ஒன்பதிலேயே பணம் தீர்ந்தது. பணம் கொடுக்கும் ஜன்னலை மூடி, பணம் தீர்ந்துவிட்டது என்று தாள் ஒன்றை ஒட்டிவிட்டு, எல்லாரும் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்கள். படிக்கத் தெரியாத ஜனம் அசையாமல் நின்றது. இவன் மட்டும் கீழே இறங்கி ஒவ்வொருவரிடமும் விஷயத்தைச் சொன்னானாம்.

"அடிக்க வந்தாங்களாடா?"

"இல்ல சித்தி. 'சரிங்க, நாளைக்கு வரோம்'னாங்க. நாளைக்கும் இல்லன்னேன். அதுக்கும் தலையாட்டிட்டுப் போனாங்க. திட்டியிருந்தாக்கூடத் தேவலை."

மறுநாள் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னாலேயே சட்டை மாட்டினான்.

"அதான் மூடியாச்சே, எங்கடா ஓடற?"

"அவங்க வந்துடுவாங்க சித்தி. சொல்றதுக்கு ஆள் வேணும்ல."