வாடகைக்கு விடாத வீடு

சபூறாவுக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, உலக்கைதான் பேசும். மாவடிப்பள்ளி வயல்களில் நெல் வாங்கி, அவித்து, காயவைத்து, குத்தி அரிசியாக்கிக் கல்முனைக் கடைகளுக்குக் கொடுத்துப் பிழைத்தவள் அவள். புருசன் கடலுக்குப் போய் மௌத்தாகிப் பல வருடமாகிவிட்டது. ஒரே மகள் சுல்பிகா. ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்துக்கு முந்திய வருடம், வீட்டுக்கான சோலை வரி நோட்டீஸ் வந்த அன்றைக்கு அவள் குத்திய குத்தில் ஒரு உரல் நெல்லும் நொய்யாகிப் போனது.

அந்தக் கரையில் வீடில்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை இல்லை; அவன் வந்து குடியிருப்பது பெண் வீட்டில்தான். வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு, வளவின் மூலையில் கொட்டில் போட்டு ஒதுங்குவாள் தாய். சபூறாவும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கிடுகுக் கூரைக்கு ஓடு போட்டாள், மண் தரைக்குச் சீமெந்து பூசினாள். கடைக்கார அபூசாலி வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார், ஓட்டை அண்ணாந்து பார்த்தார். தன் மகன் ஷரிபுதீனுக்கு நோன்புப் பெருநாள் கழியக் கலியாணம் என்று பேசி முடித்தார். அடுத்த மாதம் ஊர்ச் சபையிலிருந்து வரிக்கு மதிப்புப் போடுகிறவர் வந்தார். அவரும் அதே ஓட்டைத்தான் அண்ணாந்து பார்த்தார்.

வரி இரட்டிப்பை விடவும் கூடிவிட்டது. என்ன கணக்கு இது என்று தம்பி மசூரிடம் கேட்டாள். மசூர் அரசாங்கக் கச்சேரியில் பியோன். நாலு விசயம் தெரிந்தவன்.

"உங்கட வருமானத்த அவங்க பாக்கிறல்ல ராத்தா. இந்த ஊட்ட வாடகைக்கு உட்டா வருசத்துக்கு எவ்வளவு கிடைக்கும் எண்டு பாக்கிற. அதில நூத்துக்கு இவ்வளவு எண்டு வரி."

"நான் எங்க வாடகைக்கு உட்டன்?"

"உடத் தேவல்ல. உட்டா எண்டுதான் கணக்கு. மெயின் றோட்டுல கடையெல்லாம் வாடகை ஏறிட்டுது. ஓடும் போட்டிருக்கீங்க. ஊட்டுட பெறுமதி கூடிட்டு."

"பெறுமதி கூடினா விக்கிறவனுக்கு லாபம். இருக்கிறவளுக்கு என்னடா கூடின? கிடுகு போட்டு ஒழுக ஒழுகக் கிடந்தா நல்லவ, ஓடு போட்டா குத்தவாளியா?"

மசூர் நோட்டீஸை மடித்துத் திருப்பிக் கொடுத்தான். சட்டம் எழுதியவர்களைக் கேட்டாலும் பதில் கிடைத்திருக்காது. தெருவுக்கு விளக்கு வேண்டும், தண்ணீர் ஓடுகிற கானுக்குக் கல் வேண்டும், வரி வேண்டாமென்று அவளும் சொல்லவில்லை. ஆனால் அவளுடைய ஒழுங்கையில் விளக்கும் இல்லை, கானும் இல்லை. கட்டாவிட்டால் மட்டும் சபை ஆள் தவறாமல் வருவான். போன வருடம் பக்கத்து வீட்டு உம்முவின் கதவையே கழற்றிக்கொண்டு போனார்கள். சபூறாவிடம் வந்தால் நெல் அவிக்கிற கிடாரத்தைத் தூக்குவார்கள். கிடாரம் போனால் சோறு போகும்.

மதிப்பை எதிர்த்து மனுக் கொடுத்தாள். விசாரணை நாளில் அவளுக்காகப் பேச வந்த மசூர், உள்ளே உத்தியோகத்தர்களைக் கண்டதும் நாக்கு ஒட்டிப்போய் நின்றான். சபூறா முக்காட்டை இழுத்துவிட்டு யன்னலோரம் காத்திருந்தாள். அவளுக்கு முன்னால் கூப்பிட்ட பெயர் அபூசாலி. சம்மந்தியாகப் போகிறவரும் தன் வீட்டு மதிப்பைக் குறைக்கத்தான் வந்திருந்தார். முன்னும் பின்னும் விறாந்தை வைத்த கல்வீடு அது.

"அது ஊடா சேர்? சுவரெல்லாம் வெடிப்பு. மாடு கட்டவும் உதவாது" என்றார் அபூசாலி. சபைத் தலைவர் சிரித்தார்; இருவரும் பழைய கூட்டாளிகள். வெற்றிலைத் துப்பல் துப்புகிற நேரத்துக்குள் அவருடைய மதிப்பைக் குறைத்தாகிவிட்டது. சபூறாவுக்கு உள்ளங்கால் முதல் உச்சி வரை எரிந்தது. தன் பெயர் கூப்பிட்டதும் தம்பியை ஒதுக்கிவிட்டு அவளே வாசலில் போய் நின்றாள். கையில் உலக்கை இல்லாததால் அன்றைக்கு வாய் திறந்தது.

"மெயின் றோட்டுக் கடையப் பாத்து என்ட ஊட்டுக்கு வாடகை போட்டிருக்கீங்க. என்ட ஒழுங்கைக்குள்ள வண்டி வராது. மாரிக்கு முழங்கால் தண்ணி. இந்த ஊட்ட எவன் வாடகைக்கு எடுப்பான்? உங்களுக்கு வேணுமா சேர்? வந்து இருந்து பாருங்க."

யாரோ இருமினார்கள். தலைவர் முகம் சுளித்தார். ஆனாலும் சொன்னது உண்மை. அதோடு சற்று முன் அபூசாலிக்குச் செய்த தயவை எல்லாரும் பார்த்திருந்தார்கள். அவளுடைய மதிப்பையும் குறைத்து எழுதச் சொன்னார். முழுதாக இல்லை, கிடாரம் தப்புகிற அளவுக்கு.

படியிறங்கும்போது அபூசாலி மறித்தார். பக்கத்தில் மாப்பிள்ளை ஷரிபுதீன் நின்றான்.

"என்ன சபூறா, எங்களுக்குக் காட்டக்குள்ள ஒண்ணாம் நம்பர் ஊடு. இஞ்ச வந்து ஒருத்தனும் எடுக்க மாட்டான் எண்டு நீங்களே செல்லுறீங்க. சபையும் குறைஞ்ச ஊடு எண்டு எழுதிட்டுது. அப்ப ஒரு வயல் துண்டாவது சேத்துத் தந்தாத்தான் சரி வரும்."

மசூர் அக்காவின் முழங்கையைப் பிடித்தான். கலியாணம் முக்கியம், வாயை அடக்கு என்று அதற்குப் பொருள். அவளுக்கும் அது தெரியும். சரி என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், பிறகு எங்காவது கடன்பட்டு மாரடித்திருப்பாள். அந்தச் சொல் தொண்டை வரை வந்தது. ஆனால் அபூசாலி சிரித்துவிட்டார். சபூறாவுக்கு வேறு சொல் வந்தது.

"இப்பதானே உங்கட ஊடு மாடு கட்டவும் உதவாது எண்டு நீங்க செல்ல, அதையும் சபை எழுதின. மாட்டுக் கொட்டிலில வளந்த புள்ளைக்கு என்ட ஓட்டு ஊடு காணாதோ?"

வாசலில் நின்ற சனம் கொல்லென்று சிரித்தது. அபூசாலியின் முகம் கறுத்தது. "இந்தச் சம்மந்தம் இண்டையோட முடிஞ்சி" என்றார்.

வீட்டுக்கு வந்த சபூறா உரலடியில் போய் உட்கார்ந்தாள். மகள் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று தன்னையே நொந்துகொண்டாள். நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னாள். சுல்பிகா குனிந்த தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவரும் அங்க நிண்டாரா உம்மா?"

"ஓம், நிண்டான்."

"அவர்ட வாப்பா வயல் கேக்கக்குள்ள அவர் என்ன செய்தார்?"

"வாப்பாக்கு வெயில் படாம குடையப் பிடிச்சிட்டு நிண்டான்."

 சுல்பிகா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்ல வேளை உம்மா. இந்த ஊட்டுக்குள்ள அவர எடுத்திருந்தா, உங்களக் கொட்டிலுக்கு அனுப்பிப்போட்டு, அந்தக் குடைக்குக் கீழதானே நானும் நிண்டிருப்பன்."