பால் வராத செடி

எங்கள் கல்லூரியின் பின்சுவருக்கும் சைக்கிள் ஸ்டாண்டுக்கும் நடுவில் ஒரு வீட்டு மனை அளவுக்கு இடம் சும்மா கிடந்தது. யாரும் அங்கே எதையும் நட்டதில்லை. மழை பெய்தால் தானாக முளைக்கும், வெயில் ஏறினால் தானாகக் காயும். மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் பல வருடம் தாவரவியல் நடத்தினேன். எனக்குப் பிடித்த வகுப்பெல்லாம் அந்தப் புதருக்குள்தான் நடந்தது.

இரண்டாம் வருடப் பெண்களுக்கு அங்கேதான் ‘கீ’ சொல்லிக்கொடுப்பேன். பெயர் தெரியாத செடியின் பெயரைக் கண்டுபிடிக்க உதவும் தாள் அது. படிக்கு இரண்டு வரி இருக்கும். தண்டு சதுரமா, உருண்டையா? சதுரம் என்றால் இந்தப் படிக்குப் போ, உருண்டை என்றால் அந்தப் படிக்குப் போ. இப்படி ஒவ்வொரு படியிலும் ஒரு வழியை விட்டு மறு வழியைப் பிடித்துப் போனால், கடைசியில் செடியின் பெயர் வந்து நிற்கும். புத்தகத்தில் இருந்த கீ எல்லாம் எங்கோ மலைக்காட்டுச் செடிகளுக்கானவை. அதனால் எங்கள் காலி இடத்துச் செடிகள் இருபதுக்கு நானே ஒன்று எழுதி, எதிர்க்கடையில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

“பேரை மறந்துருங்க. கையில இருக்குறத மட்டும் பாருங்க” என்பதுதான் நான் முதலில் சொல்வது. கிராமத்துப் பெண்களுக்குச் சிரிப்பு வரும்.

“மிஸ், இது குப்பைமேனி. இதுக்கு எதுக்கு மிஸ் இம்புட்டுப் படி?” என்று கேட்டாள் ஒருத்தி. உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரிக் காட்டுக்காரர் வீட்டுப் பெண். அந்த வகுப்பில் ஒரே பெயரில் நாலு பேர் இருந்ததால் ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன். அவள் உசிலம்பட்டி. அதே பெயர்க்காரி இன்னொருத்தி சமயநல்லூர். சமயநல்லூரின் அப்பா, அம்மா இருவரும் மிஷன் பள்ளியில் ஆசிரியர்கள். வீட்டைச் சுற்றி சிமென்ட் தளம்; துளசியையும் கறிவேப்பிலையையும் தவிர ஒரு செடி தெரியாது. உசிலம்பட்டிக்கு எல்லாமே தெரியும். உசிலம்பட்டி ஹாஸ்டல் கூட்டத்தோடு சாப்பிடுவாள், சமயநல்லூர் பஸ்ஸில் வருகிறவர்களோடு. வருடம் பாதி போயும் இருவரும் பேசிக்கொண்டு நான் பார்த்ததில்லை.

உசிலம்பட்டி மாதிரிப் பெண்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். செடியைப் பார்த்ததும் பெயரை எழுதிவிட்டு, அதற்கு ஏற்ற படிகளைக் கீழிருந்து மேலே நிரப்பிக்கொள்வார்கள். விடை சரியாக இருந்ததால் நானும் கண்டுகொள்ளாமல் விட்டேன்.

பங்குனி மாதத்தில் செய்முறைத் தேர்வு வந்தது. காலையில் பாதிப் பேர், மதியம் பாதிப் பேர். லேபில் வேலை பார்த்த அக்கா காலையிலேயே போய் வேண்டியதைப் பறித்து வந்து எனாமல் தட்டுகளில் நம்பர் போட்டு வைத்துவிட்டார். மதியக் குழுவில்தான் இவர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள். மூன்றாம் நம்பர் தட்டில் அம்மான் பச்சரிசி. தரையோடு படரும் சிறு பூண்டு. தண்டைக் கிள்ளினால் வெள்ளையாகப் பால் வரும்.

மறுநாள் விடைத்தாள் திருத்தினேன். உசிலம்பட்டி அம்மான் பச்சரிசி என்று எழுதியிருந்தாள், முழு மார்க். சமயநல்லூர் மூக்கிரட்டை என்று வேறொரு படர்பூண்டின் பெயரை எழுதியிருந்தாள். சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டேன்.

தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று இடைவேளையில் சமயநல்லூர் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள்.

“மிஸ், மார்க்குக்காக வரல. எந்தப் படியில தப்புனேன்னு மட்டும் சொல்லுங்க.”

பார்த்தேன். மூன்றாம் படி. ஒடித்தால் பால் வரும், ஒடித்தால் பால் வராது. இவள் வராது என்று போட்டிருந்தாள்.

“ஒடிச்சே பாக்கலயா நீ?”

“நாலு எடத்துல ஒடிச்சேன் மிஸ். வரல.”

“மத்த எல்லாருக்கும் வந்துருக்கே. உனக்கு மட்டும் வராதா? இருக்குறதப் பாக்கணும்மா. வகுப்புல கவனம் இல்லைன்னா இப்படித்தான்.”

சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்து மேஜையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள். “சரி மிஸ், வாரேன்” என்று போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் கிளம்பும்போது லேப் வாசலில் உசிலம்பட்டி நின்றுகொண்டிருந்தாள். தாள் கையில் சுருட்டி இருந்தது.

“மிஸ், எனக்கும் வரல மிஸ்.”

“என்ன வரல?”

“பால். கிள்ளிப் பாத்தேன், ஒண்ணும் வரல. செடியப் பாத்ததும் அம்மான் பச்சரிசின்னு தெரிஞ்சுபோச்சு. எங்க ஊர்ல மருவுக்கு இந்தப் பாலத்தான் வப்பாங்க. அதான் வரும்னு எழுதிட்டேன். அந்தப் புள்ள பஸ் ஸ்டாப்புல அழுதுக்கிட்டு நின்னுச்சு.”

மறுநாள் அக்காவிடம் சொல்லி, ஒன்பது மணிக்கே பறித்துத் தட்டில் வைக்கச் சொன்னேன். அப்போதே ஒன்றைக் கிள்ளினேன். சொட்டாகப் பால் திரண்டது. இரண்டு மணிக்கு அதே தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்தேன். துவண்டு போயிருந்தது. கிள்ளினேன். கணுவுக்குக் கீழே கிள்ளினேன், வேர்ப்பக்கம் கிள்ளினேன். விரலில் பச்சைக் கறை மட்டும்தான். “வெயில்ல வாடிப்போச்சும்மா, அதுக்கு மேல எங்கிட்டு வரும்?” என்றார் அக்கா. அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை.

அடுத்த வகுப்பில் நடந்ததைச் சொன்னேன். கரும்பலகையைப் பார்த்தபடி சொல்லலாம் என்று நினைத்தேன். நல்லவேளை, அவர்கள் பக்கம் திரும்பி நின்றே சொன்னேன். “மதியம் எழுதுனவங்கள்ல உண்மையாவே பால் வந்ததைப் பாத்தது யாரு?” என்றேன். ஒரு கையும் எழவில்லை. பதினெட்டுப் பேரில் கண்ணால் பார்த்ததை எழுதியவள் ஒருத்தி. அவளைத்தான் நான் இருக்குறதப் பாரு என்று திட்டியிருக்கிறேன். எல்லோர் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் எழுந்து நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் “தேங்க் யூ மிஸ்” என்றாள். வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள்.

அவளுக்கு முழு மார்க் போட்டேன். உசிலம்பட்டியிடம், “உனக்கு என்ன பண்றது?” என்று கேட்டேன். “அந்தப் படிக்கு உள்ள மார்க்க எடுத்துருங்க மிஸ்” என்றாள். எடுத்துவிட்டேன். தானாக வந்து உண்மையைச் சொன்னவளுக்கு மார்க்கைக் குறைத்தது சரிதானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு கீயைத் திருத்த வேண்டி வந்தது. இருவரையும் கூட வைத்துக்கொண்டேன். சனிக்கிழமைகளில் அந்தப் புதருக்குள் குத்தவைத்து உட்கார்ந்திருப்போம். ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் உசிலம்பட்டி ஈரத் துணியில் சுற்றி ஏதாவது செடி கொண்டுவருவாள். பெயரைச் சொல்லக்கூடாது என்பது ஒப்பந்தம். சமயநல்லூர் தாளைப் பிடித்துப் படிப்படியாகப் போவாள். அவள் தடுமாறினால் உசிலம்பட்டிக்குப் பொறுக்காது. “நல்லாப் பாருடி, இலைக்கு அடியில என்ன இருக்கு?” என்பாள். “சொல்லாதடி, நானே பாக்குறேன்” என்பாள் மற்றவள். பாலை நம்பிய படியை எடுத்துவிட்டு, இலைக்கணுவில் உருண்டையாகத் திரண்டிருக்கும் பூக்கொத்தை வைத்தோம். அது வாடினாலும் மாறாது. அதைக் கண்டுபிடித்தது சமயநல்லூர். புத்தக வார்த்தையில் சொன்னால் யாருக்கும் புரியாது என்று சண்டை போட்டு, எளிய வார்த்தையில் எழுதியது உசிலம்பட்டி.

இப்போது அந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். தரை முழுக்கக் கல் பதித்துவிட்டார்கள். நானும் ஓய்வுபெற்றுவிட்டேன். உசிலம்பட்டி ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் எடுக்கிறாள். சமயநல்லூர் கப்பலூரில் ஒரு கம்பெனி அலுவலகத்தில் இருக்கிறாள். செடிக்கும் அவள் வேலைக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு பேரும் வாரம் தவறாமல் போனில் பேசிக்கொள்கிறார்கள்.

போன தை மாதம் இருவரும் பிள்ளைகளோடு என் வீட்டுக்கு வந்தார்கள். சாப்பிட்டுவிட்டு ஆட்டோ பிடித்துப் பக்கத்துக் கண்மாய்க் கரைக்குப் போனோம். கரைச்சரிவில் ஊதாப் பூவோடு ஒரு செடி நின்றது. மூன்று பேருக்குமே தெரியவில்லை. பெரிய பிள்ளை போனை நீட்டி, “போட்டோ எடுத்தா இதுவே பேர் சொல்லிரும்” என்றது. அது சொன்ன பெயரைக் கேட்டுவிட்டு, “இலை அப்படி இல்லையே” என்றாள் சமயநல்லூர். அப்புறம் மூவரும் செருப்பைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்துவிட்டோம். பூவைப் பிரித்தோம், காயைப் பிளந்தோம், வாதாடினோம். பிள்ளைகள் அலுத்துப்போய் ஆட்டோவில் ஏறிக்கொண்டார்கள். ஆட்டோக்காரர் ரெண்டு தடவை ஹாரன் அடித்த பிறகுதான் எழுந்தோம். பெயர் கடைசி வரை கிடைக்கவில்லை.