ஷில்பா மேலே வருகிறாள்

முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கைக்கெட்டுகிற எவர்சில்வர் டம்ளர் ஒன்றுக்குள் போடுவாள். பிறகு மர ஸ்டூலை அண்டா அடுக்குக்கும் சுவருக்கும் நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, செருப்பை உதறிவிட்டு, இரண்டு பாதங்களையும் தரையில் பதிப்பாள். வலது கை மடியில் கிடக்கும். கட்டைவிரலால் ஆள்காட்டி விரலை மூன்று முறை தட்டுவாள். ஒரு மூச்சு விட்டு, இன்னும் ஒரே ஒரு தட்டு. கண்கள் மூடிவிடும். அதன் பிறகு பத்துப் பன்னிரண்டு நிமிஷத்துக்கு ராபர்ட்சன்பேட்டை பஜாரே இடிந்து விழுந்தாலும் ஷில்பாவிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது.

தூங்குகிறாள் என்று நினைத்து, "பாப்பா, இந்த இட்லிப் பானை இன்னா வெலை?" என்று தோளை உலுக்கியவர்கள் உண்டு. அவள் தூங்கவில்லை. தன் தலைவலிக்குத் தானே வைத்தியம் செய்துகொண்டிருக்கிறாள். தனக்குத் தானே செய்துகொள்ளும் ஹிப்னாடிசம். முதல் தடவை இதைக் கேட்டபோது வாய்விட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். என் ஜெராக்ஸ் கடை அவர்கள் கடையை ஒட்டியே இருப்பதால், சிரித்ததை வாபஸ் வாங்குவதற்கும் எனக்கு நிறைய சந்தர்ப்பம் கிடைத்தது.

ஷில்பாவுக்குப் பதினாறு வயது. பத்தாவதில் எண்பத்தொன்பது சதவீதம். அப்பா ஏகநாதன் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். தலைவலிக்காரப் பெண்ணைப் பிறக்க வைக்க ஆண்டவனுக்கு வேறு கடையே அகப்படவில்லையா என்று நான் பலமுறை நொந்துகொண்டதுண்டு. காலையிலிருந்து மூடி விழும், தட்டு உருளும், கரண்டிக் கட்டு சரியும். இது போதாதென்று பாத்திரத்தில் பெயர் வெட்டும் மெஷின் வேறு, பல் டாக்டர் வீட்டுச் சத்தத்தில் நாள் முழுக்க ரீங்கரிக்கும்.

ஆறாம் வகுப்பில் தொடங்கிய வலி அது. பாதித் தலையில் இடிக்கும், வெளிச்சம் குத்தும், கடைசியில் வாந்தி. கண்ணாடி மூன்று தடவை மாறியது. மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார்கள். அம்மா சரஸ்வதியின் பர்ஸில் சில்லறைக்கு இடம் இல்லாவிட்டாலும் மாத்திரை அட்டைக்கு இடம் இருக்கும். மகள் நெற்றியைத் தொட்டால் போதும், அட்டை வெளியே வந்துவிடும். கடையின் ஷட்டர் பாதிக்கு இறங்கிவிடும். வாடிக்கையாளர்கள் சாமர்த்தியமாக வெளியேற்றப்படுவார்கள். பாவம், அந்த அம்மாளுக்கு மகளின் வலியைப் பார்த்துக்கொண்டு நிற்கத் தெரியாது.

பெங்களூரில் ஒரு குழந்தை டாக்டரம்மா எல்லா டெஸ்டும் எடுத்துப் பார்த்துவிட்டு, வேளைக்குச் சாப்பாடு, வேளைக்குத் தூக்கம், ஒரு நோட்டில் தலைவலிக் கணக்கு என்று எழுதிக் கொடுத்தார். கூடவே இந்தக் கண்மூடி வித்தையையும் நான்கு சந்திப்புகளில் பழக்கிவிட்டார்.

"மாத்திரையே வேணாம்னு சொல்லல அங்கிள். வாரத்துல ரெண்டு நாளுக்கு மேல போட்டா அந்த மாத்திரையே தலைவலியைக் கூட்டிக்கினு வந்துடுமாம்" என்றாள் என்னிடம். அன்றைக்கு என் மேஜை டிராயரில் கிடந்த காலி அட்டைகளை நான் மெதுவாகக் குப்பைக்கூடையில் சேர்த்தேன்.

பிடித்த இடம் ஒன்றை மனசுக்குள் கொண்டுவந்து அங்கே போய்விட வேண்டும் என்பதுதான் பாடம். டாக்டரம்மா உதாரணத்துக்குக் கடற்கரையைச் சொன்னாராம். "பீச்சா? எனக்கு மொத மொத தலைவலி வந்ததே பீச்சுலதான் மேடம்" என்று இவள் மறுத்துவிட்டாள். மூடிக் கிடக்கும் தங்கச் சுரங்கமான மைசூர் மைன்ஸ் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் கண்ணில் படுகிற சுரங்கக் கோபுரம் ஞாபகம் வந்திருக்கிறது. அதன் அடியில் ஆளை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டான கேஜ் நிற்கிறது, தான் ஏறிக்கொள்கிறோம், அது இருட்டுக்குள் ஒவ்வொரு லெவலாக இறங்குகிறது, கீழே ஒரே அமைதி, ஒரே குளிர்ச்சி. இப்படி அவளே ஒன்றைக் கட்டிக்கொண்டாள். பத்துக்கு எட்டு இருந்த வலி நான்குக்கு வந்தது. நோட்டில் தேதியோடு எழுதி வைத்திருக்கிறாள்.

இரண்டு மாதம் நன்றாகப் போயிற்று. அப்புறம்தான் இன்பராஜ் குடம் வாங்க வந்தார். சுரங்கம் மூடும் வரை கேஜுக்குப் பெல் அடிக்கிற வேலையில் இருந்தவர். இவள் பெருமையாகத் தன் கதையைச் சொல்ல, மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"கீழ குளுகுளுன்னு கீதா? உனக்கு யாரும்மா சொன்னது? கீழ போவப் போவ அடுப்பும்மா அது! பாறை மேல கை வெச்சா வெந்துபூடும்."

அவ்வளவுதான். அடுத்த தலைவலியில் கேஜ் இறங்க இறங்க ஷில்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது. வலி ஏழிலிருந்து ஒன்பதுக்குப் போனது. மூன்று வாரம் வித்தை பலிக்கவில்லை. "மெஸ்மரிசம்லாம் வேணாம்னு நான் அப்பவே சொல்லல?" என்று சரஸ்வதி மறுபடி பர்ஸைத் திறந்தார்.

வேறு பிள்ளையாக இருந்தால் விட்டிருக்கும். இவளோ, பெயர் வெட்டக் கொடுத்திருந்த குடத்தை வாங்கிப்போக இன்பராஜ் வந்த அன்று, அதைக் கொடுக்காமல் போலீஸ் மாதிரி விசாரித்தாள். கேஜ் மேலே வரும்போது எப்படி இருக்கும்? யார் இழுப்பார்கள்? பெல் எதற்கு?

"ஆளு ஏறினா மொதல்ல மூணு பெல்லு. அப்புறம் நின்னுக்கினு கீற கேஜுக்கு ஒரு பெல்லுன்னா மேல இழு. ஓடற கேஜுக்கு ஒண்ணுன்னா நில்லு. ரெண்டுன்னா எறக்கு" என்று விரல்விட்டுச் சொன்னார் அவர். "ஷிப்ட் முடிஞ்சு மேல வரச்சொல்லோ, சொரங்க வாய்க்குக் கிட்ட மூஞ்சில ஒரு காத்து அடிக்கும் பாரு... ஆஹா!"

சரஸ்வதி அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்பூன்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரே ஸ்பூனை அவ்வளவு நேரம் துடைத்ததை நான் கவனித்தேன்.

அன்றோடு ஷில்பா பாதையைத் திருப்பிவிட்டாள். இப்போது வலிதான் அடிமட்டம், அடுப்பு. மூன்று பெல், ஒரு பெல், அங்கிருந்து மேலே வருகிறாள். முகத்தில் காற்று அடிக்கும் இடத்தில் கண்ணைத் திறக்கிறாள். இதில் அப்பாவின் மெஷின் எப்படியோ கேஜை இழுக்கும் எஞ்சினாகிவிட்டது. மகள் மேல் இரக்கப்பட்டு ஏகநாதன் ஒருநாள் அதை நிறுத்தப்போக, கண்ணைத் திறக்காமலே கத்தினாள்: "ஆஃப் பண்ணாதீங்கப்பா! பாதி ஷாஃப்ட்ல தொங்கினு இருக்கேன்!"

எல்லா நாளும் பலிக்கிறது என்று அவளே சொல்ல மாட்டாள். சில நாள், "இன்னிக்கு கேஜ் ரிப்பேர்" என்று வெட்கமில்லாமல் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடுவாள். மறுநாள் வந்து, மெஷின் வெட்டிய கன்னடப் பெயரில் ஒரு சுழி குறைகிறது என்று அப்பாவை அதட்டுவாள்.

இந்த ஜூனில் அவளுக்குப் பெரிய ஆசை ஒன்று வந்தது. பெங்களூரில் பியூசி சயன்ஸ். தினம் விடிகாலை ரயிலில் போய் வர வேண்டும். விண்ணப்பத்தை என் கடையில் வைத்துத்தான் நிரப்பினாள். பெற்றோர் கையெழுத்து மட்டும் பாக்கி. அப்பா அம்மாவைக் கைகாட்டிவிட்டார். அம்மா அசையவில்லை.

"ரயில்ல தலை வலிச்சா இன்னா பண்ணுவே? யாரு உனக்கு ஷட்டரை எறக்குவாங்க?"

"எறக்கவே வேணாம்மா."

"அப்போ காட்டு. கடை தொறந்திருக்கச்சொல்லோ, கூட்டத்துல, மாத்திரை இல்லாம ஒரு தடவை எழுந்து வந்து காட்டு. போடறேன் கையெழுத்து."

சனிக்கிழமை கடைசித் தேதி. தலைவலி வர வேண்டும் என்று ஒரு பெண் காத்திருந்ததை நான் வாழ்க்கையில் அப்போதுதான் பார்த்தேன். திங்கள் வரவில்லை. செவ்வாய் வரவில்லை. "வேணும்ங்கறப்ப வருதா பாருங்க அங்கிள்" என்று சலித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை வந்தது. முகூர்த்த நாள் கூட்டம். சீர்ப் பாத்திரம் வாங்க வந்த ஒரு கன்னடக் குடும்பம், "பேக ஹெசரு ஹாக்கி கொடி" என்று பெயர் வெட்ட அவசரப்படுத்திக்கொண்டிருந்தது. நான் அவளுடைய மார்க் ஷீட் ஜெராக்ஸைக் கொடுக்கப் போய் நின்றேன். ஷில்பாவின் முகம் வெளுத்திருந்தது. கண்ணாடியைக் கழற்றி டம்ளருக்குள் போட்டாள். ஸ்டூல். பாதங்கள். மூன்று தட்டு, ஒரு தட்டு.

சரஸ்வதியின் கை ஷட்டர் பக்கம் போய், பேச்சு ஞாபகம் வந்து திரும்பியது. ஏகநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு மெஷினை ஓட்டினார். யாரோ ஒரு தாம்பாளத்தைக் கீழே போட்டார்கள். அந்தச் சத்தம் எனக்கே மண்டைக்குள் பாய்ந்தது. அவள் அசையவில்லை. ஐந்து நிமிஷத்தில் புருவங்களுக்கு நடுவே இருந்த முடிச்சு கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. நான் மூச்சை விட்டேன்.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது.

மெஷின் முனகி நின்றது. அவளுடைய கேஜும் நடுவழியில் நின்றிருக்கும். ஃபேன் நின்றது. ஷில்பாவின் புருவத்தில் முடிச்சு மறுபடி விழுந்தது. கால் விரல்கள் தரையைப் பற்றின. ஏகநாதன் கையில் பாதிப் பெயர் வெட்டிய தட்டோடு மனைவியைப் பார்த்தார். "ஷட்டரை எறக்கிடட்டா?" என்றார் ரகசியமாக. சரஸ்வதியின் கை பர்ஸுக்குள் போனது. கையெழுத்து இல்லாத அந்த விண்ணப்பம் என் கண் முன்னால் வந்து நின்றது.

கை வெறுமனே வெளியே வந்தது. சரஸ்வதி இரண்டு எட்டு வைத்து, மகளின் ஸ்டூலுக்குப் பக்கத்தில் இருந்த பெரிய அண்டாவின் மேல் குனிந்தார். ஆள்காட்டி விரலை மடக்கி, அதன் விளிம்பில், மெதுவாக, ஒரே ஒரு முறை தட்டினார்.