போயிட்டு வாங்க

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள். இது எனக்கு நடந்தது. அதுவும் நடுராத்திரியில் இல்லை, அமாவாசையில் இல்லை. தர்மபுரி டவுனுக்குள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் இன்னும் இறங்காத சாயங்காலத்தில். அன்றிலிருந்து எங்கே கிளம்பினாலும் நான் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. திமிர் பிடித்தவள் என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். பேசட்டும்.

என் பெயர் தேவிப்பிரியா. சொந்த ஊர் கடத்தூர். தர்மபுரியில் ஒரு கம்பெனியில் வெப்சைட் செய்யும் வேலை பார்த்தேன். கம்பெனி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். இரும்புக் கடைக்கு மேலே ஒரே ரூம், மூன்று கம்ப்யூட்டர். முதலாளி கோவிந்தன் சார். டிசைனுக்கு அருள்குமார் அண்ணன். மற்ற எல்லாவற்றுக்கும் நான். கோட் எழுதுவது நான், ராத்திரி கஸ்டமர் திட்டினால் வாங்கிக்கொள்வது நான், சார் வீட்டில் வைஃபை நின்றுபோனாலும் நான். சம்பளம் பஸ்ஸுக்கும் டீக்குமே சரியாகப் போய்விடும். கேட்டால், "கத்துக்கற வயசும்மா" என்பார். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விட்டுவிட்டுப் போயிருக்கலாம்தான். ஆனால் சேர்ந்த அன்றே என் ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாவற்றையும் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். இப்போது ஓசூரில் நல்ல வேலை ஒன்று கிடைத்திருந்தது. புதன்கிழமை ஒரிஜினலோடு வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். சாரிடம் போய் நின்றேன்.

"மாங்கூழ் கம்பெனி சைட்டு திங்கக்கெழம காலைல ஓடணும். ஞாயித்துக்கெழம வந்து ஒக்காந்து முடி. சர்டிபிகேட்ட வாங்கிக்க."

ஞாயிற்றுக்கிழமை அதுவரை யாரும் ஆபீஸுக்கு வந்து நான் பார்த்ததில்லை. இரண்டு பேர் ஒரு வாரம் செய்ய வேண்டிய வேலை. வேறு வழியில்லாமல் தனியாக வந்தேன். கீழே கடை லீவு. படிக்கட்டின் அடியில் இருக்கும் கிரில் கேட்டை உள்பக்கம் பூட்டி, சாவியை என் மேஜையிலேயே வைத்துக்கொண்டேன்.

அந்த ஆபீஸில் எனக்குப் பிடிக்காத விஷயம் ஒன்று உண்டு. சாயங்காலம் ஆனால் அருள்குமார் அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போய்விடுவார். நான் சேர்ந்த நாளிலிருந்து ஒரு "வரேன்" கிடையாது. என்ன மனுஷனோ என்று நினைத்துக்கொள்வேன்.

அன்றைக்குக் காலையிலிருந்து ஒரே தொல்லை. போனில் பார்த்தால் சைட்டின் மெனு திறக்கவே இல்லை. மதியம் வரை மல்லுக்கட்டிவிட்டு, டிபன் பாக்ஸைக் கழுவ வாசலை ஒட்டி இருக்கும் குழாய்க்குப் போனேன். உள்ளே சத்தம் கேட்டது.

புஸ்ஸ்ஸ்...

என் நாற்காலி பழசு. உட்கார்ந்தால் காற்று இறங்கி மெதுவாகத் தாழும். யாராவது உட்கார்ந்தால்தான் தாழும்.

எட்டிப் பார்த்தேன். காலி. ஆனால் தாழ்ந்திருந்தது. பழைய நாற்காலிதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த வெயிலிலும் சீட் ஜில்லென்று இருந்தது.

போனை எடுத்துத் தொட்டேன். மெனு திறந்தது.

நான் எழுதிய கோட் முழுவதையும் பார்த்தேன். நடுவில் நான்கு வரி புதிதாக இருந்தது. நான் அப்படி எழுதுகிறவள் இல்லை. தூக்கக் கலக்கத்தில் எங்கிருந்தோ எடுத்துப் போட்டிருப்பேன் என்று நினைத்தேன். சந்தோஷம்கூடப் பட்டேன்.

ஐந்தரை மணி இருக்கும். இன்னும் பாதி வேலை பாக்கி. கண் திரையில் இருந்தது. வாசல் பக்கம் ஒரு ஆண் குரல். ரொம்பக் களைத்த குரல்.

"வரேங்க."

"சரிங்க, போயிட்டு வாங்க."

திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன். யார் சொன்னாலும் வாய் தானாகச் சொல்லிவிடும் இல்லையா, அப்படி.

காலடிச் சத்தம் படியிறங்கிப் போனது.

அப்புறம்தான் உறைத்தது. ஆபீஸில் நான் மட்டும்தானே இருக்கிறேன்...

சாவி மேஜையிலேயே இருந்தது. கேட் திறக்கும் சத்தம் கேட்கவில்லை.

"அருளண்ணா?"

வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

தட்... தட்... தட்...

படியேறி வருகிறது.

எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டேன். சத்தம் வாசலில் வந்து நின்றது. அங்கே யாரும் இல்லை. வெயில்தான் விழுந்து கிடந்தது.

"வந்துட்டேங்க."

புஸ்ஸ்ஸ்...

என் நாற்காலி தாழ்ந்தது.

டக். டக். டக்டக்டக்...

கீபோர்டு.

சாவி அதன் பக்கத்தில்...

கையை நீட்டினேன். கை மேல் மூச்சு பட்டது. ஜில்லென்று.

எடுத்தேன். ஓடினேன்.

பூட்டுக்குள் சாவி நுழையவில்லை. தலைகீழாகப் பிடித்திருந்ததைத் திருப்பிச் செருகினேன். மேலே டக்டக்டக்... நிற்கவே இல்லை.

எப்படிப் பஸ் ஏறினேன் என்று தெரியவில்லை. அம்மாவிடம் தலைவலி என்று சொல்லிப் படுத்தேன். ராத்திரி பூரா பயம் ஒரு பக்கம், சர்டிபிகேட் போச்சே என்ற அழுகை ஒரு பக்கம்.

காலையில் சார் போன் செய்தார். "சைட்டு சூப்பரா ஓடுது. வந்து வாங்கிக்க."

நான் பாதிதான் முடித்திருந்தேன்.

ஆபீஸுக்குப் போனபோது கீழே டீக்கடையில் அருள்குமார் அண்ணன் நின்றார். நடந்ததைச் சொன்னேன். அவர் டீயைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டார்.

"பொம்மிடிப் பையன். நவநீதன்னு பேரு. மூணு வருசம் முன்ன உன் சீட்லதான் இருந்தான். அவனும் சர்டிபிகேட்டத்தான் கேட்டான். இன்னும் ஒரு சைட்ட முடிச்சுக் குடுன்னாரு. தூங்காமச் செஞ்சான். ஞாயித்துக்கெழம சாயங்காலம் வரேங்கன்னு கெளம்புனான். வண்டியில கண்ணசந்துட்டான். வூடு போய்ச் சேரல."

"சார் என்னண்ணா சொன்னாரு அப்ப?"

"போயிட்டு சீக்கிரம் வா, வேல கெடக்குதுன்னாரு."

நேற்று நானும் அதைத்தானே சொன்னேன்...

"அதான் நான் சொல்லிக்கறதில்ல. சாவு வூட்ல இருந்து போயிட்டு வரேன்னு சொல்லிக்கிட்டா கெளம்புவாங்க?"

"எங்கிட்ட ஏண்ணா சொல்லல?"

"என் சர்டிபிகேட்டும் அந்த பீரோலதாம்மா இருக்குது."

மேலே போனேன். சார் பீரோவைத் திறந்து என் ஃபைலை உருவினார். அதன் அடியில் தூசி படிந்த இன்னொரு ஃபைல். மேலே 'நவநீதன்' என்று எழுதியிருந்தது. அதை உள்ளே தள்ளிப் பூட்டினார். என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"நேத்து அவன் வரேன்னு சொன்னப்ப நீ என்ன சொன்ன?"

நான் சாரிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை.

"போயிட்டு... வாங்கன்னு சொன்னேன் சார்."

"நல்லதாப் போச்சு. உனக்கு முன்ன இருந்த புள்ளைங்க பயந்துகிட்டு வாயே தொறக்கறதில்ல. யாராச்சும் வான்னு சொன்னாத்தான் அவன் திரும்பி வந்து மிச்சத்த முடிக்கறான்."

ஃபைலை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். பழக்கத்தில் "வரேன்" என்று வாய் திறந்தது. கையால் பொத்திக்கொண்டேன்.

பின்னால் சத்தம்.

புஸ்ஸ்ஸ்...

சார் பீரோ பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.