புகார் கவுண்டர் ரீசெட்டின் இடது காது

எங்கள் கடையில் வாங்கிய பொருள் பழுதாக இருந்தால் பதினைந்து நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று பில்லின் பின்பக்கம் அச்சடித்திருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனைதான். பழுது உண்மைதான் என்று புகார் கவுண்டரில் இருப்பவர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்த வேண்டும். புகார் கவுண்டரில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருப்பவர் ரீசெட். இந்தப் பதினோரு வருடத்தில் முத்திரை மை டப்பாவை இரண்டு தடவை மாற்றினோம். குத்திக் குத்தித் தீரவில்லை, குத்தாமலேயே காய்ந்துபோனது.

நான் அவருக்கு எதிரே பில் போடுகிறவள். எனக்கும் அவருக்கும் நடுவில் ஆறடி தூரம். எட்டு வருடமாக அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நான் பில் போடுகிறேன். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பதிவேட்டில் இருக்கிறது. அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்.

முதலில் வாசலில் பை சோதிக்கிறவராகத்தான் சேர்ந்தாராம். குரலை உயர்த்தாமல், முகம் சுளிக்காமல், வந்தவரை வந்த வழியே அனுப்பிவைக்கும் திறமை அவரிடம் இருப்பதை முதலாளி கவனித்தார். அப்படிப்பட்ட ஆளை வாசலில் வைத்து வீணாக்குவதா? மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை போட்டு, புகார் கவுண்டர் என்று பலகை மாட்டி உட்காரவைத்துவிட்டார். அவருடைய இடது பக்கம் சுவர். வலது பக்கம்தான் ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள்.

வருகிற புகாரில் முக்கால்வாசி வயர்லெஸ் ஹெட்போன். பெயர் இல்லாத அட்டைப் பெட்டிகளில் எங்கிருந்தோ வந்து இறங்கும். பின்னறையில் இரண்டு பேர் உட்கார்ந்து எங்கள் கடைப் பெயர் போட்ட ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். ஒட்டி முடித்ததும் அது எங்கள் சொந்தத் தயாரிப்பு ஆகிவிடும். காதுக்குள் செருகும் மொட்டு மாதிரி ஒரு வகை, தலைக்கு மேல் வளையமாக மாட்டும் வகை ஒன்று. விலையைக் கேட்டால் யாருக்கும் வாங்கத் தோன்றும். வாங்கினால் இரண்டே நாளில் ரீசெட்டைப் பார்க்கத் தோன்றும்.

அவர் யாரையும் முடியாது என்று சொன்னதில்லை. "செஞ்சு பாத்துருவோம்" என்பார். மொட்டின் அடியில் பித்தளைப் புள்ளி இருக்கும் இடத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். பாதிப் பேர் அதை உரிக்காமலேயே சார்ஜ் ஏறவில்லை என்று வந்து நிற்பார்கள். நகத்தால் சுரண்டி எடுத்து மேசையில் ஒட்டிவைப்பார். அவர் மேசை விளிம்பு முழுக்க அந்தத் தாள்கள்தான். அதற்கும் மசியாவிட்டால் போனில் இருக்கும் ஹெட்போன் பெயரை அழிக்கச் சொல்வார். இரண்டு மொட்டையும் டப்பாவில் போட்டு மூடி, பத்து எண்ணி, திறந்து, சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னும்வரை பொத்தானை அழுத்திப் பிடித்து, மறுபடி இணைப்பார். இந்த ரீசெட் வித்தையில்தான் அவருக்குப் பெயரே வந்தது. பிறகு பழைய பல் பிரஷால் மொட்டின் சல்லடையில் இருக்கும் அழுக்கைத் தேய்ப்பார். ஒரு பக்கம் கேட்கவில்லை என்றால் கடைசியாக ஒரு சோதனை: "மாத்திப் போட்டுப் பாருங்க. எந்தப் பக்கம் கேக்கலையோ அந்தப் பக்கம் மாறுதான்னு பாருங்க."

ஒவ்வொன்றையும் தன் காதில் போட்டுப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்வார். ஒரு நாளைக்கு எழுபது எண்பது பேர் காதில் கிடந்தது. சட்டை நுனியில் ஒரு துடை, அப்படியே தன் காதில் ஒரு திருகு. அந்த நேரம் மட்டும் நான் பில் மெஷின் பக்கம் திரும்பிக்கொள்வேன். எல்லாம் செய்த பிறகும் சரியாகாவிட்டால், உங்கள் போனில்தான் கோளாறு என்று ஆறுதலாகச் சொல்லி அனுப்பிவைப்பார். பழுது பொருளில் இருக்காது, ஆளிடம்தான் இருக்கும் என்பது முதலாளியின் கொள்கை. அந்தக் கொள்கையைக் கட்டிக்காத்ததற்காக ஆறு வருடமாக வருடா வருடம் சிறந்த ஊழியர் என்று ரீசெட்டுக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கிடைத்துவந்தது. அவர் வீட்டில் ஆறு கடிகாரம் இருக்கிறது. எல்லாம் எங்கள் கடைச் சரக்கு என்பதால் ஆறும் ஆறு நேரம் காட்டும்.

இப்படி இருந்த மனிதர் ஒரு நாள் முத்திரையைக் கையில் எடுத்தார்.

கல்லூரிப் பெண் ஒருத்தி, டப்பா மூடி சரியாக மூடவில்லை என்று வந்திருந்தாள். பாவம், அவ்வளவுதான் அவளுடைய குறை. இவர் வழக்கம்போல் மொட்டுகளைக் காதில் திருகினார். முகம் மாறியது. இடது பக்கம் செத்துப்போச்சே அம்மா, கவனிக்கலையா என்றார். எனக்கு நல்லாத்தானே கேட்டது என்று அவள் இழுத்தாள். பதிலுக்குப் புதுசு ஒன்றைப் பிரித்துப் போட்டுப் பார்த்தார். அதிலும் இடது இல்லை. மூன்றாவதிலும் இல்லை. வலது பக்கம் பாட்டு கணீரென்று கேட்க, இடது பக்கம் ஏதோ கிணற்றுக்குள் முனகுவதுபோல் இருக்கிறதாம். காய்ந்த மையில் தண்ணீர் தெளித்து முத்திரையை ஓங்கிக் குத்தினார். பணத்தை வாங்கிக்கொண்டு அந்தப் பெண் ஓட்டமும் நடையுமாக வெளியேறினாள், எங்கே மனசு மாறிவிடுவாரோ என்று.

அதிலிருந்து நான்கு மாதம் கடை தலைகீழாகிவிட்டது. இந்தத் தடவை வந்து இறங்கிய லாட்டே சரியில்லை என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார். வாங்க வந்தவர்களிடமே சொன்னார். அதற்குள் ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது. அந்தக் கடையில் புகார் வாங்குகிறவர் தங்கமான மனிதர், வாயைத் திறப்பதற்கு முன்பே கையெழுத்துப் போடுகிறார் என்று பேச்சு. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இந்தக் காலத்தில் இப்படி ஒருவரா என்று நெகிழ்ந்தார். ரீசெட்டுக்கு வாயெல்லாம் பல். தினமும் சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வர ஆரம்பித்தார். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் சொன்னார்:

"பதினோரு வருஷமா எல்லாரும் என்னைத் திட்டிக்கிட்டேதாம்மா படி இறங்குவாங்க. எனக்குக் கேக்காதுன்னு நெனச்சுத் திட்டுவாங்க. இப்பதான் நன்றின்னு ஒரு வார்த்தை காதுல விழுது."

முதலாளி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இன்னொரு முத்திரை விழுந்தால் நாளையிலிருந்து வரவேண்டாம் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். ரீசெட்டுக்கு ஐம்பத்து மூன்று வயது. மகள் நர்ஸ் படிப்பில் இரண்டாம் வருடம். நயமாக மறுக்கத் தெரியும் என்பதைத் தவிர வேறு தொழில் தெரியாது. அதை வைத்துக்கொண்டு வெளியே எங்கே போய் வேலை கேட்பது? ஆனாலும் மனிதர் அசையவில்லை. செத்த பொருளை உயிரோடு இருக்கிறது என்று சொல்லமாட்டேன், வேண்டுமானால் எல்லாவற்றையும் சோதித்துக்கொள்ளுங்கள் என்றார். எனக்கு அன்று அவர் மேல் வந்த மரியாதை சொல்லி முடியாது. அதைத்தான் மறுநாள் நானே கெடுத்தேன்.

மறுநாள் கடை திறப்பதற்கு முன் முந்தின நாள் மட்டும் திரும்பி வந்த அறுபத்திரண்டு ஹெட்போனையும் மேசையில் கொட்டினார்கள். முதலாளி, ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்கள் இருவர், நான். ஆளுக்குக் கொஞ்சமாகக் காதில் மாட்டிக் கேட்டோம். இரண்டு மூன்று கரகரத்தன. மற்றதெல்லாம் இரண்டு பக்கமும் நன்றாகவே பாடின. ரீசெட் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தார். முதலாளிக்குப் பயந்து எல்லாரும் ஒரே பாட்டாகப் பாடுகிறோம் என்று நினைத்தார். என்னைப் பார்த்து, "நீயுமாம்மா?" என்றார்.

அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. தலைக்கு மாட்டும் வகையில் ஒன்றை எடுத்து அவர் தலையில் நானே மாட்டினேன். எந்தப் பக்கம் கேட்கவில்லை என்றேன். இடது பக்கம் என்றார். அதைக் கழற்றி, முன்பின்னாகத் திருப்பி, வலது கிண்ணம் இடது காதில் வருகிற மாதிரி மாட்டிவிட்டேன்.

"மாத்திப் போட்டாச்சு. இப்ப எந்தப் பக்கம்ணே?"

ஆயிரக்கணக்கான பேருக்கு அவர் சொல்லிக்கொடுத்த சோதனை அது. அவருக்கு மட்டும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மாற்றிப் போட்டும் அதே பக்கம்தான் என்பதுபோல் மெதுவாகக் கையைத் தூக்கி இடது காதைத் தொட்டுக்கொண்டார். முகத்தில் ஈயாடவில்லை. முதலாளி முதலில் ஒரு நொடி முழித்தார், பிறகு மேசையைத் தட்டிச் சிரித்தார். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம் போல் இருந்தது.

காது டாக்டரம்மாவிடம் நானும் அவர் மனைவியும் கூடப் போனோம். நான்கு மாதமாக இடது பக்கம் படுத்துக்கொண்டு தான் பேசியது எதையும் இவர் மதிக்கவே இல்லை என்று மனைவி வழியெல்லாம் மூக்கால் அழுதுகொண்டே வந்தார். டாக்டர் காதுக்குள் பார்க்கும் விளக்கை வைத்து எட்டிப் பார்த்துவிட்டு, என்ன தொழில் செய்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னோம். தலையில் அடித்துக்கொண்டார். மொட்டைத் திருகித் திருகி அழுக்கை உள்ளே தள்ளி அடைத்திருக்கிறாராம். வெதுவெதுப்பான தண்ணீர் பீய்ச்சினார். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்து விழுந்ததை நான் வர்ணிக்கப்போவதில்லை. ஊரார் ஹெட்போனை எல்லாம் பல் பிரஷால் தேய்த்த மனிதர் தன் காதுக்குள் ஒரு விரலைக்கூட விட்டுப் பார்க்கவில்லை.

வேலை போகவில்லை. போகவிடுவாரா முதலாளி? அவருடைய கொள்கைக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்குமா? வருகிற போகிறவர்களிடம் எல்லாம் சொன்னார். பொருளில் ஒரு குறையும் இல்லை, எங்கள் ஆளுக்கே காது அடைத்திருந்தது, சுத்தம் பண்ணியதும் எல்லாம் சரியாகிவிட்டது, நீங்களும் எதற்கும் ஒரு தடவை காதைக் காட்டிவிட்டு வாருங்கள். அந்த அறுபத்திரண்டையும் மறுபடி பெட்டியில் போட்டு, புது ஸ்டிக்கர் ஒட்டி, விற்பனைக்கு வைத்தார். ரீசெட்டும் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தார். போனில் பெயரை அழிக்கச் சொல்வது, பத்து எண்ணுவது, பிரஷால் தேய்ப்பது எல்லாம் பழையபடி. முத்திரை மட்டும் இழுப்பறைக்குள் போய்விட்டது. சவரமும் மூன்று நாளைக்கு ஒரு தடவை ஆனது.

"காது கேக்காதப்பதாம்மா எனக்கு நல்ல பேரு இருந்துச்சு" என்றார் ஒரு நாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். துணி தைக்கும் அம்மா ஒருவர் வந்தார். இரண்டு கையும் மெஷினில் இருக்கும்போது வெளிநாட்டில் இருக்கும் கணவரோடு பேசுவதற்காக வாங்கியதாம். வாங்கி நான்கு நாள்தான் ஆகிறது. தைத்துத் தைத்துக் காய்த்துப்போன விரலால் மொட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். ரீசெட் இப்போது ஸ்பிரிட்டில் துடைத்துத்தான் காதில் வைப்பார். வைத்தார், கேட்டார். இடதை வலது காதில் வைத்துக் கேட்டார். மறுபடி இணைத்துக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்துக் கையசைத்தார். நான் எழுந்துபோய்க் கேட்டேன். இடது மொட்டில் ஒரு சத்தமும் இல்லை. நிஜமாகவே செத்திருந்தது.

கண்ணாடி அறைக்குள் இருந்து முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ கவுண்டர்களில் எத்தனையோ பேர் இல்லை என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள் போல, அந்த அம்மா பையின் வாரைச் சரிசெய்து கிளம்பத் தயாராகிவிட்டார். ரீசெட் இழுப்பறையைத் திறந்தார். முதலாளி கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ன, மறுபடியும் அடைச்சிருச்சா?"

ரீசெட் ஒரு கணம் அந்த அம்மாவைப் பார்த்தார். பிறகு சுண்டுவிரலை இடது காதில் விட்டுக் குடைந்துகொண்டார்.

"ஆமா முதலாளி. நல்லா அடைச்சிருச்சு போல. ஒண்ணும் கேக்கல."

சொல்லிக்கொண்டே முத்திரையைக் குத்தினார்.

பொருளில் பழுது என்று ரீசெட் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே முதலாளி வீட்டுக்கு அனுப்பியிருப்பார். பழுது ஆளிடம் இருப்பதாக ஆளே ஒப்புக்கொள்ளும்போது கொள்கைப்படி கோபப்பட வழியில்லை. சம்பளம் இல்லாத அரை நாள் லீவில் போய்க் காதைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வரச் சொன்னார். ரீசெட் போனார். டாக்டரிடம் இல்லை. எதிரே பஸ் நிறுத்தத்து பெஞ்சில் போய் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் போகிற வண்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்ததை வாசல் வழியாக நான் பார்த்தேன்.

இப்போது மாதத்துக்கு இரண்டு மூன்று தடவை அவர் காது அடைத்துக்கொள்கிறது. சவரம் மறுபடி தினமும் நடக்கிறது. போன வாரம் முத்திரைக்குப் புது மை டப்பா வாங்கிக் கொடுத்தேன். பழையது இந்தத் தடவை காய்ந்துபோகவில்லை, தீர்ந்துபோனது.