திரைக்குப் பின்னால் ஐந்து ராத்தல்

மலாக்காவில், பத்து பெரெண்டாம் விமான நிலையத்தில் பெண்களுக்கு எடை பார்க்கும் வேலை எனக்குக் கிடைத்ததற்குக் காரணம் மூன்று. எனக்கு எண் தெரியும். எழுத்து தெரியாது. வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியும். எழுத்து பிற்பாடு வந்தது, அதுவும் தட்டுத் தடுமாறித்தான். இதை எழுதி முடிக்கவே எனக்கு எத்தனை நாள் ஆகிறதோ, ஆகட்டும்.

சுதந்திரம் வந்து இரண்டு மழைக்காலம் போயிருந்தது. கட்டடத்து முகப்பில் அப்போது கட்டிய வண்ணக் காகிதங்கள் வெளுத்துப்போய் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. விமானம் சின்னது, ஓடுதளமும் குட்டை. அதனால் ஏறுகிறவர்கள், பெட்டிகள், எல்லாவற்றையும் நிறுத்துத்தான் ஏற்றுவார்கள். இன்றைக்கு இதையெல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறதாம். அன்றைக்கு எங்கள் கம்ப்யூட்டர் ஒரு முழ நீளச் சட்டம். அதன் நடுவில் ஒரு பட்டை நகரும். கணக்கெழுதும் கிராணி ஒவ்வொரு எடைக்கும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுவார். கடைசியில் அது எங்கே நிற்கிறதோ, அதை வைத்து விமானத்துக்கு மூக்கு கனமா, வால் கனமா, இன்னும் எத்தனை ராத்தல் ஏற்றலாம் என்று சொல்லிவிடுவார். அந்தச் சட்டம் பொய் சொல்லாது என்பார். உண்மைதான். நாம் கொடுக்கிற எண்ணை வைத்துத்தான் அது பேசும்.

ஆம்பிளைகள் கூடத்தில், எல்லார் முன்னாலும் ஏறி நிற்பார்கள். பெண்கள் ஏற மாட்டோம் என்றார்கள். ஒருத்தி அழுதேவிட்டாளாம். அதனால் மூலையில் ஒரு திரை கட்டி, உள்ளே இன்னொரு எடை இயந்திரம் போட்டு, என்னை உட்கார வைத்தார்கள். முள் காட்டும் எண்ணைச் சிலேட்டில் எழுதித் திரைக்கு அடியில் தள்ளிவிடுவேன். கிராணி பார்த்துவிட்டு அழித்துத் திருப்பித் தள்ளுவார். மலாக்காவில் வசதியான வீட்டுப் பெண்கள் எத்தனை பேருடைய எடை எனக்குத் தெரியும்! ஒருத்தர் எடையை ஒருத்தரிடம் சொன்னதில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு, இன்றைக்கும்.

ஆனால் ஒரு காரியம் செய்தேன். "கொஞ்சம் குறைச்சுப் போடும்மா, வெளியே கிராணி பார்ப்பாரு" என்று கெஞ்சுவார்கள். ஐந்து ராத்தல் குறைத்து எழுதிவிடுவேன். வீட்டுக்கு வந்தவரிடம் இன்னும் ஒரு வாய் சாப்பிடுங்கள் என்று சொல்கிற மாதிரி அது ஒரு மரியாதை என்று நினைத்திருந்தேன். ஒரு விமானத்தில் பெண்கள் ஒருவரோ இருவரோதான் வருவார்கள். பாதகம் ஒன்றும் நடக்கவில்லை.

அன்று காலை சிங்கப்பூர் விமானத்துக்குத் துணிக்கடைக்காரர் வீட்டுக் கல்யாணக் கூட்டம் வந்தது. பெண்கள் மட்டும் ஒன்பது பேர். பட்டும் நகையுமாக ஒவ்வொருவராகத் திரைக்குள் வந்தார்கள். கஜா பெராங் வீட்டிலிருந்து பாதி வழி நடந்து, பாதி வழி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கால் எனக்கு. எழுந்து உட்கார்ந்து, எழுந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போயிற்று. கடைசியாக வந்தவர் துணிக்கடைக்காரரின் தாயார். இயந்திரத்தில் ஏறியதும் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, இந்தத் திம்பாங் பழசா?"

"புதுசுதாங்க பெரியம்மா."

"அப்போ நகைதான் கனம். பத்து கொறைச்சுப் போடு."

பத்து குறைத்தேன். மற்ற எட்டுப் பேருக்கும் ஏற்கெனவே ஐந்தைந்து குறைத்தாயிற்று.

அதற்குப் பிறகுதான் இன்னொரு அம்மா ஓடி வந்தார். செமாபோக்கிலிருந்து வருகிறாராம். கையில் ஒரு துணிப்பை, அவ்வளவுதான். மகன் ஆசிரியர் பயிற்சிக்கு ஆஸ்திரேலியா போகிறான், சிங்கப்பூரிலிருந்து மாலை நாலு மணிக்குக் கப்பல். போகக்கூடாது என்று இவர் ஒரு மாதமாக அவனோடு பேசவில்லை. மூன்று நாளைக்கு முன் அவன் வீட்டை விட்டுக் கிளம்பியபோதும் சமையற்கட்டிலிருந்து வெளியே வரவில்லை. அன்று விடிந்ததும் மனசு தாங்காமல் கிளம்பிவிட்டார். டெக்சியில் போனால் மூவாரில் ஒரு ஃபெரி, பத்து பகாட்டில் ஒரு ஃபெரி, எப்படியும் இருட்டிவிடும்.

கிராணி சட்டத்தைத் தள்ளிப் பார்த்தார். "நூறு ராத்தலுக்கு இடம் இருக்கும்மா. அக்கா, இவங்களப் பாருங்க."

உள்ளே வந்து ஏறினார். துணிப்பையோடு தொண்ணூற்று நான்கு. அவரிடம் குறைக்க ஒன்றும் இல்லை, அவரும் கேட்கவில்லை. இருந்ததை அப்படியே எழுதினேன். கிராணி சீட்டுக் கொடுத்துவிட்டார். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "புண்ணியமாப் போகும் தாயி" என்றார். எனக்கு ஒரு புண்ணியமும் இல்லை என்று அப்போதே தெரிந்தது. எட்டு ஐந்து நாற்பது, பத்தும் சேர்ந்தால் ஐம்பது. அந்த நூறு ராத்தலில் பாதி நான் உண்டாக்கியது.

பேசாமல் இருந்திருக்கலாம். சிலேட்டைத் துடைத்தேன், மறுபடியும் துடைத்தேன். வெளியே விமானத்தின் விசிறியைச் சுற்றிவிட ஆள் போய்விட்டார். எழுந்து திரையை விலக்கிக்கொண்டு கிராணியிடம் போய் மெல்லச் சொன்னேன்.

"அம்பது ராத்தலா?" அவர் போட்ட சத்தத்தில் கூடமே திரும்பியது. "யக்கா, என்ன வெளையாட்டு இது? ஒவ்வொண்ணா சரியாச் சொல்லுங்க!"

சொன்னேன். எனக்கு எண் மறக்காது. ஒவ்வொரு சீட்டாக அவர் காட்டக் காட்ட, எல்லார் முன்னாலும் சொன்னேன். துணிக்கடைக்காரரின் தாயாருக்கு நூற்று எழுபத்தெட்டு என்று சொன்னபோது பின்னால் யாரோ ஆம்பிளை சிரித்தான். தாயார் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

கிராணி பட்டையைத் திருப்பித் தள்ளினார். நாற்பத்து நான்கு ராத்தல் அதிகம். "கடைசியா வந்தவங்கதான் எறங்கணும். சட்டம் அப்படி."

கல்யாணக்காரர்களிடம் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. அதை மட்டும் மறுநாள் விமானத்துக்கு விட்டால் போதும். நான் துணிக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"பொண்ணுக்குச் சீர்ம்மா அது. எறக்கினா நல்லாவா இருக்கும்?" என்றார். பிறகு தாயாரைப் பார்த்தார். தாயார் ஒரு வார்த்தை சொன்னால் பெட்டி இறங்கும். எனக்குத் தெரிந்து நல்ல மனசுக்காரர்தான். வேறு ஒரு நாளாயிருந்தால் பெட்டியென்ன, தானே இறங்கியிருப்பார். ஆனால் அந்த எண் காற்றில் நின்றுகொண்டிருந்தபோது அவர் என் பக்கம் திரும்பவில்லை. நேராக நடந்து போய் விமானத்தில் ஏறிவிட்டார். மற்றவர்களும் போனார்கள்.

விமானம் எழும்பிப் போகும்வரை செமாபோக்கு அம்மா பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். அழவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நீ சொல்லாம இருந்திருந்தா விழுந்திருக்குமா?"

"தெரியலம்மா."

"விழாமயும் போயிருக்கும்ல?"

"போயிருக்கும். நான் எழுதினது தப்பு. சொன்னது தப்பில்ல."

"ஒனக்குத் தப்பில்ல," என்றார்.

விமானம் கிளம்பியதும் எத்தனை பேர், எவ்வளவு எடை என்று சிங்கப்பூருக்கு ரேடியோவில் செய்தி சொல்ல வேண்டும். சின்ன நிலையம், அதுவும் கிராணி வேலைதான். சொந்த விஷயம் அதில் பேசக்கூடாது. அவர் அறைக்குள் போகுமுன் நின்று, எங்களைப் பார்க்காமலேயே கேட்டார்.

"பையன் பேரு, கப்பல் பேரு சொல்லுங்கம்மா. அங்க நம்ம ஆளு ஒருத்தன் இருக்கான், துறைமுகத்துக்குப் போன் போடச் சொல்றேன். என்ன சொல்லணும்? சுருக்கமா."

அந்த அம்மா எழுந்து நின்றார். ஒரு மாதப் பேச்சு முழுக்க உள்ளே இருந்தது.

"சாப்பிட்டானான்னு கேளுங்க."

"கேக்க முடியாதும்மா. பதில் வர்ற வழியில்ல. சொல்லத்தான் முடியும்."

"அப்போ, சாப்பிடச் சொல்லுங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அம்மா சொன்னாங்கன்னு."

கிராணி உள்ளே போய் இங்கிலீஷில் பேசினார். செய்தி கிடைத்தது என்று மட்டும் அந்தப் பக்கத்திலிருந்து சொன்னார்களாம். அந்த அம்மா வீட்டுக்குப் போகவில்லை. நான் கொடுத்த கோப்பியைக் குடித்துவிட்டுக் கூடத்துக் கடிகாரத்துக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். நாலு அடித்ததும் எழுந்து சேலையை உதறிக்கொண்டு, பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டார்.

அந்த வாரமே திரையைக் கழற்றிவிட்டார்கள். வேலையை விட்டு என்னை அனுப்பவில்லை. அதைவிட மோசம், கூடத்தின் நடுவில் நிறுத்தி, எண்ணை வாய்விட்டுச் சொல்ல வைத்தார்கள். தெரிந்த பெண்கள் என் முகத்தைப் பார்க்காமல் ஏறி இறங்கினார்கள். சந்தையில் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விட்டார்கள். நானும் தலையைக் குனியவில்லை. ஆனால் அலுத்துப்போயிற்று. அந்த அலுப்பு தூங்கினாலும் போகவில்லை.

இரண்டு மாதம் கழித்துச் செமாபோக்கு அம்மா ஒரு நாள் வந்தார். மகனிடமிருந்து கடிதம் வந்திருந்தது, யாரையோ விட்டு வாசிக்கச் சொல்லியிருக்கிறார்.

"கப்பல்ல ஏறினதும் வெள்ளைக்காரன் ஒருத்தன் தேடி வந்து, போய்ச் சாப்பிடுன்னானாம். கப்பல்ல கவனிப்பு நல்லா இருக்குன்னு எழுதியிருக்கான்."

"நீங்க சொன்னதுன்னு தெரியலயா?"

"தெரியல."

"எழுதச் சொல்லுங்களேன், அம்மா சொன்னதுதான்னு. நான் வேணா கிராணிகிட்ட..."

வெளியே விமானத்துக்கு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள்.

"வேணாம். சாப்பிட்டான்ல," என்று சொல்லிவிட்டுக் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். அன்றைக்கு நான் பதினொரு பேருக்கு எடை சொல்ல வேண்டியிருந்தது. சத்தமாக, சரியாகச் சொன்னேன்.